தனியாகச் சீட்டு ஆடும்போது சொந்தமாக ரூல் போட்டவர்கள், போடுவதைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

ஏழாம்வரிசை:
மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீடு. அவங்க சாலிடேரை இன்னும் ‘பேஷன்ஸ்’ என்றுதான் சொல்வாங்க. ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஏழு வரிசை, கையில் 24 சீட்டு. கூடவே மூன்று புளியங்கொட்டை வைத்துக்கொள்வாங்க. ஆட்டம் அடைத்துக்கொண்டால் ஒரு கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, எந்த வரிசையிலும் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சீட்டை உருவிக்கொள்ளலாம். இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அன்றைக்கு இரண்டு கொட்டை போய்விட்டது. ஆறாவது வரிசையில் ஒரே ஒரு சீட்டு கவிழ்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் அது ஆட்டின் (ஹார்ட்) ஏஸ் என்று எனக்கே தெரிகிறது. கடைசிக் கொட்டையைப் போட்டால் ஏஸ் மேலே வரும், மொத்தமும் ஏஸிலிருந்து ராஜா வரை மளமளவென்று ஏறிவிடும். பெரியம்மா கொட்டையை விரலால் உருட்டினாங்க. அப்புறம் அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, சீட்டையெல்லாம் அள்ளிக் கலைக்க ஆரம்பித்துவிட்டாங்க. “ஏன் பெரியம்மா, ஜெயிச்சாச்சே?” என்றேன். “சும்மா இருடா” என்பதுதான் பதில்.

ஜெயிக்கிற ஆட்டத்தை எதற்குக் கலைக்கணும்? இன்னும் புரியவில்லை.

ரூல்புக்:
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கவிழ்ந்த சீட்டை உருவினால் அது ஏமாற்று. கடைசி நேரத்தில் மனசாட்சி உறுத்தியிருக்கும்.

என் அனுபவமும் ஒன்று. பழைய ஆபீஸில் ஒரு மேனேஜர் இருந்தார். விண்டோஸ் ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண் போட்டு இருந்தது ஞாபகம் இருக்கலாம். அதில் 11982 மட்டும் தீராது. அவர் அந்த ஆட்டத்தை நிஜச் சீட்டில் மேஜைமேல் பரப்பி, சீட்டை ஒதுக்கி வைக்க இருக்கும் நான்கு அறை போதாது என்று ஸ்டேப்ளரை ஐந்தாவது அறையாக வைத்துக்கொண்டார். ஸ்டேப்ளர் மேல் ஒரு கிளாவர் ராணி படுத்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் கணக்கையும் நான் இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பேன்.

ரூல் மாற்றியே தீரணும் என்பவர்களுக்குச் சில யோசனைகள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ரூலை மாற்றுங்கள். இரண்டு மாற்றினால் எதனால் ஆட்டம் சுலபமானது என்று கண்டுபிடிக்க முடியாது. மாற்றியதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு நினைவுக்கு வரும் ரூல் செல்லாது. ஆட்டம் ரொம்ப எளிது என்றால் புது சக்தி எதையும் சேர்க்காமல் கணக்கை மட்டும் மாற்றுங்கள். அதற்கு வேகாஸ் முறையே போதும். 52 டாலர் கொடுத்துச் சீட்டுக்கட்டை வாங்கியதாக வைத்துக்கொள்வது, மேலே ஏற்றும் ஒவ்வொரு சீட்டுக்கும் 5 டாலர் திரும்ப வரும். பத்து ஏற்றினால் இரண்டு டாலர் நஷ்டம், பதினோராவதில்தான் லாபம். ஒவ்வொரு சீட்டாக எடுத்தால் கட்டு ஒரு முறைதான் சுற்றும், மூன்று மூன்றாக எடுத்தால் மூன்று முறை. நான் டாலருக்குப் பதில் ரூபாய் போட்டு நோட்டில் எழுதுகிறேன், கணக்கை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். முழுசாக முடிக்காத ஆட்டத்திலும் இப்படி ஒரு அர்த்தம் கிடைக்கும். ஜோக்கரைத் தொடாதீர்கள். கொட்டை, பருப்பு, பட்டன் எதுவும் வேண்டாம்.

பள்ளிக்கரணைக்காரன்:
யோசனை யார் கேட்டது சார்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் அபார்ட்மெண்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் பையன் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். நான் எமர்ஜென்சி லைட்டில் ஸ்கவுண்ட்ரல் ஆடிக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: சாதாரணக் கட்டில் ஜோக்கரையும், சிவப்பு ராஜா ராணி ஜாக்கிகளையும், சிவப்பு ஏஸ்களையும் எடுத்துவிட்டால் 44 சீட்டு மிஞ்சும். கறுப்பெல்லாம் அரக்கன், டைமண்ட் ஆயுதம், ஆட்டின் மருந்து. உயிர் 20. நான்கு சீட்டைத் திறந்து வைக்கணும், அதுதான் ஒரு அறை.

பையன் ரொம்ப நேரம் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நான் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சிவப்புச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “இவங்கள்லாம் எங்கண்ணா போவாங்க?” என்றான். ஆட்டத்தில் இல்லை என்றேன். “ராஜாவை வெளிய வச்சுட்டு யாருக்காக சண்டை போடறீங்க?”

பதில் சொல்லத் தெரியாமல் உள்ளே சேர்த்தேன். அரை மணி நேரத்தில் அவனே ரூல் போட்டுவிட்டான். ஆட்டின் ராஜா ராணி ஜாக்கி வந்தால் பக்கத்தில் துணைக்கு நிற்பார்கள், ஆளுக்கு ஒரு அரக்கனின் அடியை நமக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டைமண்ட் மூவரும் கொல்லர்கள். ஸ்கவுண்ட்ரலில் ஆயுதம் தேயும் இல்லையா, 9ஐ அடித்த கத்தியால் அடுத்து 10ஐ அடிக்க முடியாது. கொல்லர் வந்தால் கத்தி புதுசாகிவிடும். சிவப்பு ஏஸ் இரண்டையும் அவனே வேண்டாம் என்று தள்ளிவிட்டான். ஏன் என்று சொல்லவில்லை.

ஆட்டம் சப்பென்று ஆனது. அடுத்தடுத்து ஜெயித்துக்கொண்டே இருந்தோம். அவனுக்கே போரடித்து, ஜோக்கர் இரண்டையும் எடுத்து நடுவில் செருகினான். “இது தண்ணி.” ஜோக்கர் வந்தால் அந்த அறையில் இருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு கட்டின் அடிக்குப் போய்விடும், மருந்தும் துணைக்கு நின்றவர்களும் சேர்த்து. கையில் இருக்கும் கத்தி மட்டும் நம்முடையது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவருடைய கேஸ் சிலிண்டர் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த அறையைத் திறங்கண்ணா என்கிறான்.

தண்ணீர் வடிந்ததும் அவர்கள் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். சிவப்பு ஏஸை அவன் ஏன் தள்ளினான் என்பதுதான் எனக்கு இன்னும் குடைகிறது.

ரூல்புக்:
ஆறு உதவியாளர்கள், இரண்டு ஜோக்கர். நான் சொன்னேனே, ஒரு சமயத்தில் ஒன்றுதான். மற்றபடி ஸ்கவுண்ட்ரல் 2011இல் வந்த ஆட்டம். அதற்குள் அதற்கு ரிப்பேர் தேவையா?

பெரம்பூர்பொண்ணு:
ரூல்புக் சார், ஒவ்வொன்றா மூணு மூணா என்று விண்டோஸ் சாலிடேரே நம்மிடம்தான் கேட்கும். மெஷினே விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் பெரியம்மாவை விடமாட்டேன் என்கிறீர்கள்.

என் கதை சின்னது. அப்பாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி காத்திருப்பு ஹால். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அதன்மேல் சீட்டுப் பரப்பினேன். சென்னையில் தனியாக ஆடுவது எல்லாம் நடக்கிற காரியமா? ஐந்து நிமிஷத்தில் பின்னால் நான்கு பேர். ஒரு அக்கா, கடலூர்ப்பக்கம் என்று நினைக்கிறேன், கேட்காமலே கையை நீட்டி இஸ்பேட் ஒன்பதைத் தூக்கி என் சிவப்புப் பத்து மேல் வைத்துவிட்டாங்க. வளையல் இடித்து மூன்றாவது வரிசை கலைந்தது. கோபம் வந்தது, ஆனால் நகர்த்தல் சரி. நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் ரூல் தானாகவே உருவாகிவிட்டது: யோசனை சொல்கிறவங்களே சீட்டைத் தொட்டு நகர்த்தணும், வாயால் சொன்னால் செல்லாது. பாதிப் பேர் அத்தோடு அடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் அசரவில்லை. கையில் டைமண்ட் ஜாக்கியை வைத்துக்கொண்டு எங்கே போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜாக்கியோடு எழுந்து போனாங்க, திரும்பி வரவில்லை. எனக்கும் வேறு மாடிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அவங்க வீட்டில் யாருக்கு என்ன என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

இப்போது ஒரு ஜோக்கரில் ‘டை. ஜா.’ என்று பேனாவில் எழுதி வைத்து ஆடுகிறேன்.

தாள்கத்தி:
ஜோக்கரில் எழுதினால் பரவாயில்லை, அதே கட்டின் சீட்டுத்தானே. வெளியிலிருந்து சேர்த்தால்தான் தொல்லை. எனக்கு நடந்தது அதுதான்.

ஓனிரிம் ஆடுபவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். 76 சீட்டு, எட்டுக் கதவு, பத்துக் கெட்ட கனவு, கட்டு தீர்வதற்குள் எட்டையும் திறக்கணும். இரண்டாம் பதிப்பில் ஏழு விரிவாக்கம், அதாவது கூடுதல் சீட்டும் ரூலும், பெட்டியிலேயே வருகிறது. அது போதாதென்று நானே இரண்டு சீட்டு வரைந்தேன். ஒன்று ‘மின்வெட்டு’, அது வந்தால் கையில் உள்ள சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் ஒன்றை எடுத்துப் போடணும். இன்னொன்று ‘ஷேர் ஆட்டோ’, தூக்கிப் போட்ட சீட்டுகளிலிருந்து ஒன்றை மீண்டும் கையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரிஜினல் பின்பக்கத்தை ஸ்கேன் பண்ணி, திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 300 ஜிஎஸ்எம் அட்டையில் அடித்து, அங்கேயே வெட்டவும் கொடுத்தேன்.

கலர் அருமையாக வந்திருந்தது. பெட்டியிலிருந்து பத்து ஒரிஜினலை எடுத்துக் கலந்து பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கடைக்கார அண்ணன் “குடுங்க” என்று வாங்கி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினார். சர்ரென்று ஒரு ஓட்டு. இரண்டை உருவி மேஜையில் வைத்தார். “இது ரெண்டும் உங்களுது.” திருப்பிப் பார்த்தால் மின்வெட்டும் ஷேர் ஆட்டோவும்.

கத்தி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியதோ அந்தப் பக்கம் ஓரம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் லேசாகப் பிசிர் நிற்குமாம். கம்பெனிச் சீட்டை வேறு பக்கத்திலிருந்து வெட்டியிருக்கிறான் என்றார். “சீட்டு நல்லா ஆடுவீங்களாண்ணா?” என்று கேட்டேன். “விட்டுட்டேன்” என்று சொல்லி அடுத்த ஆளின் ஆதார் காப்பியை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் என் விரலுக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. கட்டின் மேல்சீட்டைத் தொட்டதும் மின்வெட்டு வரப்போகிறது என்று தெரிந்தால் எப்படி ஆடுவது? பின்பக்கம் ஊடுருவித் தெரியாத ஸ்லீவ் போட்டேன், சீட்டுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை. எல்லாச் சீட்டுக்கும் போடணும், புதுசுக்கு மட்டும் போட்டால் கேலிக்கூத்து. ஸ்லீவ் போட்டதும் கட்டு இரண்டு மடங்கு தடிமனாகிப் பெட்டி மூடவில்லை. இப்போது ஸ்வீட் பாக்ஸில் இருக்கிறது.

ஏழாம்வரிசை:
பெரியம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். “ஒரு கொட்டையாவது மிச்சம் இருந்தாத்தான்டா ஜெயிப்பு. மூணையும் போட்டு ஏத்தினா அது கணக்குல வராது” என்றாங்க. அதாவது அன்றைக்கு அவங்க ஏற்கெனவே தோற்றாச்சு.

ரூல்புக்:
அப்படியானால் இரண்டு கொட்டை வைத்துக்கொண்டாலே போதுமே. மூன்றாவது எதற்கு?

பெரம்பூர்பொண்ணு:
தோற்ற பிறகு அந்த ஏஸ் அங்கேதான் இருந்ததா என்று பார்க்க.

ஏழாம்வரிசை:
பார்க்கவும் இல்லையே.

ரூல்புக்:
ஏமாற்று என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். முன்பே போட்ட ரூலாக இருந்தால் செல்லும். ஆனால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கரணைக்காரன், உங்கள் பையன் ரூலில் ஓட்டை இருக்கிறது. ஒரே அறையில் இரண்டு ஜோக்கரும் வந்தால்?

பள்ளிக்கரணைக்காரன்:
வந்தது சார். இரண்டாவது ஜோக்கர் படகாம். அந்த அறையிலிருந்து ஒரு சீட்டை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், மற்றது கட்டின் அடிக்கு. நான் 10 மருந்தை எடுக்கப் போனேன். ராணியை ஏற்றுங்கண்ணா என்று ஒரே சண்டை.