கலைச்சொல் வேண்டுகை: பாணி மாற்றாத பவர் மெட்டல் குழுக்களுக்கு

வணக்கம்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஹேமர்ஃபால் குழுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெவி மெட்டல் எனும் கனத்த ராக் இசையின் ஒரு கிளையான பவர் மெட்டல்தான் இவர்கள் இசை. முதல் தொகுப்பு (ஆல்பம்) 1997இல் வந்தது. அதையும் 2024இல் வந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒலிப்பதிவின் பளபளப்பில் வித்தியாசம் தெரிகிறது. பாட்டு கட்டும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்படி ஒரு மூத்த குழு தன் பாணியிலேயே நிற்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'மரபுவாதம்' என்று எழுதிப் பார்த்தேன், திட்டுவதுபோல் இருந்தது. 'மரபு காத்தல்' என்றால் வாழ்த்து மடல் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அப்புறம், பவர் மெட்டலுக்கு 'ஆற்றல் உலோகம்' சரிவருமா?

———

மறுமொழி 1

தம்பி,

பின்னால் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். 'ஆற்றல் உலோகம்' வேண்டாம். படிப்பவர் ஏதோ மின்கலம் செய்யும் கட்டுரை என்று நினைத்துக்கொள்வார். ஜாஸ், ப்ளூஸ், ராக் எதையும் நாம் பெயர்க்கவில்லை. அவற்றைப் பெயராகவே எடுத்துக்கொண்டோம், இதையும் அப்படியே விடலாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 80களின் தொடக்கத்தில் ஜாக் பான்சர், மேனோவார் வழியில் வந்த இசைக்கும் பவர் மெட்டல் என்றுதான் பெயர். அது முரட்டுத்தனமானது, கிதாரின் கனத்தில் நிற்பது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் 1987இலும் 1988இலும் வெளியிட்ட இரண்டு தொகுப்புகளிலிருந்து கிளைத்தது வேறு. அதில் வேகமும் மெட்டும்தான் முன்னே நிற்கும். 'ஆற்றல்', 'வன்மை', 'திறல்' என்று எதைப் போட்டாலும் அமெரிக்கக் கிளைக்குப் பாதி பொருந்தும், நீங்கள் எழுதும் ஐரோப்பியக் கிளைக்குப் பொருந்தாது.

இந்த இசையின் உறுப்புகளின் கதை வேறு. அவற்றுக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். எது மாறவில்லை என்று காட்டாமல் 'இவர்கள் மாறவில்லை' என்று மட்டும் எழுதினால் அது ரசிகர் கடிதம்.

முதலில் கால். தாளக்காரர் இரண்டு கால்களாலும் பெரிய முரசைத் தொடர்ந்து மிதிக்கிறாரே, அதற்கு 'இரட்டைக் கால்முரசு' போதும். அந்த மிதியால் வரும் ஓட்டத்துக்குத் தனிச்சொல் வேண்டும். நிமிடத்துக்கு 180 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு 4 மிதி என்றால் நொடிக்கு 12. வலக்காலுக்கு 6, இடக்காலுக்கு 6. இதை நான்கைந்து நிமிடம் சீராக ஓட்ட வேண்டும். இத்தனை ஓட்டம் கீழே நடக்கும்போது மேலே பாடகர் ஒரே சுரத்தை நீட்டி நிறுத்திக்கொண்டு நிதானமாகப் பாடுவார். கீழே அவசரம், மேலே நிதானம். இந்த முரண் போய்விட்டால் எனக்கு அது பவர் மெட்டலே இல்லை. இந்த ஓட்டத்துக்கு 'முடுகு' என்று வைக்கலாம். தொல்காப்பியம் எண்ணும் இருபது வண்ணங்களில் முடுகு வண்ணமும் ஒன்று. சிந்துப் பாடல்களிலும் நடை திடீரென்று விரைவதை முடுகு என்றே சொல்கிறோம். புதிதாக உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது கிதார். இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை வாசிக்கும், ஆனால் ஒன்று ஸ-வில் நின்றால் மற்றது க-வில் நிற்கும். அந்த இடைவெளியோடு இரண்டும் ஏறி இறங்கும். விஷ்போன் ஆஷ், தின் லிஸி போன்ற 70களின் ராக் குழுக்கள் பழக்கிவிட்ட வித்தை, அயர்ன் மெய்டன் வழியாக மெட்டலுக்குள் வந்தது. இதற்கு 'இணைக்கிதார்' என்பேன். பவர் கார்டு என்பதைச் சேர்க்காதீர்கள். ஸ-வும் ப-வும் சேர்ந்து ஒலிப்பது அது, மெட்டல் முழுவதற்கும் பொது. பழைய பெயரில் குரலும் இளியும். (அந்தப் பெயர்களையும் கட்டுரையில் எடுக்க வேண்டாம். 'பாடகரின் குரல் குரலில் நின்றது' என்று எழுத நேரும்.)

கோரஸ் என்று எல்லாரும் எழுதுவதற்குப் 'பல்லவி' இருக்கிறது. ஒரே பாடகர் பலமுறை பாடி அடுக்கியதோ, குழுவே சேர்ந்து பாடியதோ, 'அடுக்குப் பல்லவி' என்றால் புரிந்துவிடும். கடைசிப் பல்லவியை அரைச்சுரமோ ஒரு சுரமோ ஏற்றிப் பாடுவதைச் 'சுருதி ஏற்றம்' எனலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. கலைச்சொல்லுக்குள் பாராட்டும் இருக்கக்கூடாது, பழிப்பும் இருக்கக்கூடாது. பிடிக்காதவர் 'அரைத்த மாவையே அரைக்கிறார்கள்' என்பார், பிடித்தவர் 'கொள்கை மாறாதவர்கள்' என்பார். இருவரும் சண்டை போடும்போது பொதுவாகப் பயன்படுத்தக்கூடிய சொல்தான் நமக்கு வேண்டும். என் பரிந்துரை 'தாய்ப்பாணி'. ஒரு குழுவுக்கு அடையாளம் தேடிக்கொடுத்த முதற்பாணி என்று பொருள். 'தாய்ப்பாணியில் நிற்கும் குழு' என்றும் எழுதலாம், 'தாய்ப்பாணிக்குத் திரும்பியது' என்றும் எழுதலாம். 'தாய்க்கழகத்துக்குத் திரும்பினார்' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு விளக்கமே தேவைப்படாது.

———

மறுமொழி 2

> கலைச்சொல்லுக்குள் பாராட்டும் இருக்கக்கூடாது, பழிப்பும் இருக்கக்கூடாது

அண்ணா, இதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களே. தமிழில் தாய் என்று ஆரம்பித்தால் அங்கே விமர்சனத்துக்கு இடமேது? 'தாய்ப்பாணியை விட்டுப் போன குழு' என்று எழுதிப் பாருங்கள். துரோகம் செய்த மாதிரி இருக்கிறது.

ஹேமர்ஃபாலின் கதையே அந்தச் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. 1993இல் ஆஸ்கர் டிரோன்யாக் இந்தக் குழுவைத் தொடங்கியபோது கோத்தன்பர்க்கில் ஓடிக்கொண்டிருந்தது மெலோடிக் டெத் மெட்டல், அதாவது மெட்டுள்ள கிதாரும் உறுமும் குரலும் சேர்ந்த மெட்டல். அவரே அப்படிப்பட்ட ஒரு குழுவிலிருந்து வெளியே வந்தவர். தொடக்கக் காலத்தில் தாளம் வாசித்தவர் இன் ஃபிளேம்ஸ் குழுவின் யெஸ்பர் ஸ்ட்ரோம்பிளாட். பாடியவர் டார்க் டிராங்க்விலிட்டியின் மிக்கேல் ஸ்டானே, இவரும் உறுமிப் பாடும் மரபிலிருந்து வந்தவர்தான். இன்றைய பாடகர் யோவாகிம் கான்ஸ் வந்த பிறகுதான் நாம் கேட்கும் தெளிவான உச்சக்குரல் வந்தது. ஆக, இவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் பாணி பிறந்த வீட்டுப் பாணி இல்லை. 80களின் பாணி ஒன்றைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் கிரஞ்ச் என்ற ராக் அலைக்குப் பிறகு இந்த மாதிரி இசை செத்தே போய்விட்டது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில். எடுத்ததை விடவில்லை, அவ்வளவுதான். இதைத் தாய்ப்பாணி என்றால் எந்தத் தாய்?

'நிலைப்பாணி' என்று வைக்கலாமே. யாப்பில் நிலைமண்டில ஆசிரியப்பா இருக்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராகக் குறையும், நிலைமண்டிலத்தில் எல்லா அடியும் நான்கு சீர்தான், கடைசிவரை குறையாது. அதனால் யாரும் நிலைமண்டிலத்தைப் புகழ்வதும் இல்லை, இகழ்வதும் இல்லை. அளவு அப்படி, அவ்வளவே. குழுவுக்கும் அதுதான் வேண்டியது.

திரும்பி வருகிறவர்களுக்கு வேறு சொல் வேண்டும், இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது. ஹெலோவீனைப் பாருங்கள். கை ஹான்சன் 80களின் முடிவில் விலகிப் போய் காமா ரே என்ற குழுவைத் தொடங்கிவிட்டார். மீதிப்பேர் 1993இல் ஊதுகருவிகள், அக்கூஸ்டிக் கிதார், ஸ்விங் என்ற ஜாஸ் நடை எல்லாம் கலந்து ஒரு தொகுப்பு போட்டார்கள். அதற்கு 'பச்சோந்தி' என்று அவர்களே பெயரும் வைத்தார்கள், நாம் வைக்கவில்லை. விற்கவில்லை. பாடகர் மைக்கேல் கிஸ்கே வெளியேற்றப்பட்டார். 1994இல் ஆண்டி டெரிஸைப் பாட வைத்து மறுபடி வேகமும் இணைக்கிதாருமாக வந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஹான்சனும் கிஸ்கேயும் திரும்பி வந்து, டெரிஸும் கூடவே இருக்க, 2021இல் குழுவின் பெயரிலேயே வந்த தொகுப்பு ஜெர்மனி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இது நிலைப்பாணி இல்லை. இதற்கு 'மீள்பாணி'.

இரட்டைக் கால்முரசு எனக்குப் பிடித்திருக்கிறது. முரசு என்றதும் போர்க்களம் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். பாட்டுக்குப் பாட்டு வாளும் கேடயமும் தூக்குகிறவர்களுக்கு அது பொருத்தம்தான்.

———

மறுமொழி 3

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. நிலைப்பாணி, மீள்பாணி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முடுகு, இணைக்கிதார், அடுக்குப் பல்லவி, சுருதி ஏற்றம் எல்லாம் அப்படியே கட்டுரைக்குள் போகின்றன. பவர் மெட்டல் பவர் மெட்டலாகவே இருக்கட்டும்.

எழுதும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஹேமர்ஃபாலின் 2011 தொகுப்பு. அட்டையில் எப்போதும் நிற்கும் கவச வீரன் ஹெக்டர் அதில் இல்லை. ஒலியும் கொஞ்சம் நவீனம், இருண்டு இருந்தது. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 2014இல் ஹெக்டர் அட்டைக்குத் திரும்பினான். முதல் இரண்டு தொகுப்புகளைப் பதிவுசெய்த ஃபிரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமும் திரும்பினார். அடுத்து 2016இல் வந்த தொகுப்பின் தலைப்பே 'நிலைத்து நிற்கக் கட்டியது' என்ற பொருளில்தான். இவர்களை நிலைப்பாணியில் வைப்பதா, மீள்பாணியில் வைப்பதா?

———

மறுமொழி 4

தம்பி,

அட்டைப்படத்தை வைத்துப் பாணியைத் தீர்மானிக்காதீர்கள். அந்த 2011 தொகுப்பை எடுத்து உறுப்பு உறுப்பாகப் பாருங்கள். முடுகு இருக்கிறதா? இருக்கிறது, சில பாடல்களில். இணைக்கிதார்? உண்டு. அடுக்குப் பல்லவி? தாராளமாக. பாடகரின் உச்சக்குரலும் அதேதான். மாறியது ஒலியின் நிறமும் வெளித்தோற்றமும். ஹெலோவீன் 1993இல் செய்தது அப்படி இல்லை, அங்கே உறுப்புகளையே கழற்றி வைத்தார்கள். அதனால் ஹேமர்ஃபால் நிலைப்பாணிதான். 2011ஐ ஒரு வரியில் 'நிறமாற்றம்' என்று குறித்துவிட்டுப் போகலாம்.

நிலைப்பாணி என்பதற்கு எதுவும் அசையாது என்று பொருள் கொள்ள வேண்டாம் என்று விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். 1997 தொகுப்பில் தாளம் கொஞ்சம் மெல்லியதாக, தூரத்தில் இருப்பதுபோல் கேட்கும். இப்போதையவற்றில் ஒவ்வொரு மிதியும் காதுக்குள் விழுகிறது. கான்ஸின் குரலும் வயதோடு கொஞ்சம் தடித்திருப்பதாக எனக்குப் படுகிறது, இது என் காது. கட்டுமானம் மாறாமல் இருந்தால் போதும்.

தாய்ப்பாணியை முழுக்க விட எனக்கு மனமில்லை. மீள்பாணி பற்றி எழுதும்போது, எதற்குத் திரும்பினார்கள் என்று ஒரு கேள்வி வருமே, அங்கே அந்தச் சொல் தேவைப்படும். ஹெலோவீன் திரும்பியது 1987–88 தொகுப்புகளின் பாணிக்கு. அது அவர்கள் பெற்றெடுத்த பாணி, எங்கிருந்தும் எடுத்து வந்தது இல்லை. தங்கைக்கு அங்கேயும் மறுப்பு இருந்தால் எழுதட்டும்.

———

மறுமொழி 5

அங்கே மறுப்பில்லை, அண்ணா. ஆனால் 'முதற்பாணி' என்றாலும் அதே வேலை நடக்கும், யாரும் கண் கலங்க வேண்டியதில்லை. கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் போட்டுவிடலாம், எழுதுகிறவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

தம்பி, கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வைத்துப் பாருங்கள், சொற்கள் தாங்குகின்றனவா என்று தெரிந்துவிடும்: 'முடுகும் இணைக்கிதாரும் அடுக்குப் பல்லவியும் முதல் தொகுப்பிலிருந்தே ஹேமர்ஃபாலின் நிலைப்பாணி, 2011இல் நேர்ந்தது நிறமாற்றம் மட்டுமே.' வாய்விட்டுப் படித்தேன், எங்கும் தடுக்கவில்லை. 'நிலைப்பாணிக் குழு' என்று சேர்த்து எழுதும்போது க் மிகும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.