பிராடோ 120 பின்பக்க ஏர் சஸ்பென்ஷன்: காலையில் இடது பக்கம் இறங்கி நிற்கிறது, வீட்டிலேயே பார்க்கலாமா?

நோர்வூட் ஜீப்காரன்:

வணக்கம் அண்ணன்மாரே. என்னிடம் 2004ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோ 120 இருக்கிறது. பின்னுக்கு ஸ்பிரிங் இல்லாமல் இரண்டு பக்கமும் ஏர் பலூன் (காற்று நிரப்பிய ரப்பர் பை) போட்டு வந்த மாடல். ஹயர் ஓடுகிறேன். ஹட்டன் ஸ்டேஷனில் ஆள் ஏற்றி நல்லதண்ணிக்கு, சில நாள் ஹோட்டன் சமவெளிக்கு.

இரவு நிறுத்தும்போது நேராக நிற்கிற வாகனம் காலையில் இடது பின்பக்கம் குந்திக்கொண்டு இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணியதும் பலூனுக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். முன்பு சட்டென்று தூக்கிவிடும். இப்போது உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மழை நாளில் இன்னும் மோசம்.

டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பலூனும் மாத்தணும், கம்ப்ரசரும் போச்சு. இல்லாட்டி கொயில் ஸ்பிரிங் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். சொன்ன தொகையைக் கேட்டதும் சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இருப்பதைத்தான் பொத்திப் பொத்தி ஓட்டுகிறேன். 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் இன்றைய விலைக்கு வேறு வாகனம் நினைக்கவே முடியாது.

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமி) சிவனொளிபாத மலை சீசன் தொடங்குகிறது. அதற்குள் சரிபண்ண வேண்டும். ஸ்பேனர் செட், டிராலி ஜக் ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு கையில் உண்டு. வீட்டு வாசல் சரிவு. எங்கிருந்து தொடங்குவது?

வெலிமடை மரக்கறி லொறி:

கொயில் போடுங்கள் தம்பி, தலைவலி விட்டது. பலூனும் வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் போட்டு ஓடுகிறார்கள், ஒரு குறையும் இல்லை.

தலவாக்கலை பிட்டர்:

தம்பி, காசை வெளியே எடுக்காதீர்கள். நான் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகனிடம் இருப்பதும் இதே மாடல்தான், அதன் அடியில் படுத்து எழும்புவது இப்போது என் பொழுதுபோக்கு.

பாஸ் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது என்றால் அந்தப் பக்கத்துப் பலூன், அதற்குப் போகிற குழாய், அந்தப் பக்கத்து வால்வு, இந்த மூன்றில் ஒன்றுதான். வலது பலூன் பாவம், அது என்ன செய்தது? கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடுவதை வைத்து அது போய்விட்டது என்று சொல்வதும் அவசரம். ஓட்டை இருந்தால் அது ஓடத்தான் செய்யும். ஓடி ஓடிச் சூடாகி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, பிறகு உண்மையிலேயே போய்விடும். முதலில் ஓட்டையை அடைக்காமல் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

இப்போது மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்கிறேன். கம்ப்ரசரோடு சேர்ந்த ஒரு சிறிய உருளை இருக்கும், டிரையர். உள்ளே மணி மணியாக ஈரம் உறிஞ்சுகிற மருந்து. வெளிக்காற்று அதன் வழியாகப் போய்த்தான் பலூனுக்குள் நுழையும். வாகனம் இறங்கும்போது பலூனில் இருக்கிற காய்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியே வரும். வரும்போது மணிகளில் ஒட்டிய ஈரத்தையும் கொண்டுபோய்விடும். இப்படி வந்துபோய்க்கொண்டிருக்கும் வரை டிரையர் தன்னைத்தானே காய வைத்துக்கொள்ளும். ஓட்டை வந்துவிட்டால் காற்று அந்த வழியில் திரும்புவதே இல்லை. ஓட்டையால் போய்விடுகிறது, கம்ப்ரசர் மறுபடி நம் ஊர் மூடுபனியை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. ஈரம் போகிறது, வருவதில்லை. காய வைத்த தேயிலைத் தூளை மூடாமல் பனியில் வைத்தால் என்ன ஆகும் என்று பெக்டரியில் நின்ற எவருக்கும் தெரியும், மணிகளும் அப்படித்தான் நனைந்து போகும். நனைந்த மணி உதிர்ந்து மாவாகி வால்வுக்குள் போகும், தண்ணீரும் சேர்ந்து போகும். அப்புறம் வால்வும் சரியாக மூடாது.

அதனால் உங்கள் வேலை இரண்டு. ஓட்டையைக் கண்டுபிடிப்பது, டிரையரைக் காய வைப்பது.

கண்டுபிடிக்கிற முறை இது. முதலில் சமதரை வேண்டும். வீட்டு வாசல் சரிவு என்கிறீர்கள், அங்கே ஜக் வைப்பதை நினைக்கவே வேண்டாம். தோட்டத்து ஆட்கள் காலையில் கூடுகிற பெரட்டுக் களம் சும்மாதானே கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினைப் போட்டு, உயரம் மாற்றுகிற பட்டனில் ஹை (உயரம்; லோ என்றால் தாழ்வு) அழுத்தி முழுதாகத் தூக்க விடுங்கள். பிறகு உயரக் கட்டுப்பாட்டு ஓஃப் பட்டனை அழுத்திவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். சில்லு நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து சோக்கால் எழுதி வையுங்கள். ஊர் அடங்கிய பிறகு போய்க் காது கொடுத்தாலே சில நேரம் உஸ் என்ற சத்தம் கேட்கும்.

அடுத்து சோப்புத் தண்ணீர். சன்லைட் சவர்க்காரக் கட்டியைச் சீவி வெந்நீரில் கரைத்து ஸ்பிரே போத்தலில் ஊற்றினால் போதும். பலூனின் கீழ்ப்பக்கம் ரப்பர் உள்ளுக்கு மடிந்து இறங்குகிற இடம் இருக்கிறதே, வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான். மேலே வழுவழுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹையில் வைத்து அடியுங்கள், லோவில் இறக்கியும் அடியுங்கள். ஒரு உயரத்தில் மடிப்புக்குள் மறைந்திருக்கிற வெடிப்பு இன்னொரு உயரத்தில்தான் வாய் திறக்கும். இடது சில்லு ரோட்டு ஓரத்துப் பக்கம். தோட்டத்து ரோட்டுச் சல்லியும் சேறும் அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்து ரப்பரை அரைக்கும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் பாருங்கள். குழாய் வந்து சேர்கிற முனை, வால்வு, காற்று வெளியேறும் வாய், இவற்றுக்கும் அடியுங்கள். கம்ப்ரசர் நின்ற பிறகும் வெளியேறும் வாயில் குமிழி வந்தால் வால்வுதான் கள்ளன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். காற்றை நம்பித் தலையையோ கையையோ சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விடாதீர்கள். சோப்பு அடிக்கக் குனிவதற்கு முன்பே சேஸிக்குக் கீழே ஸ்டாண்ட் வந்துவிட வேண்டும், முன் சில்லுக்குக் கட்டை. பலூன் ஒரே மூச்சில் காற்று விட்டால் இரண்டு தொன் அளவு வாகனம் உங்கள் மேல்தான் உட்காரும்.

வெலிமடைத் தம்பி சொல்கிற கொயிலையும் தள்ளிவிட மாட்டேன், காசு முடையானவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் ஹயர் ஓடுகிறவருக்கு ஆள் ஏறினாலும் பெட்டி ஏறினாலும் பின்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் இதன் பயனே. பின்பக்கம் அமுங்கினால் முன் லைட் மேலே பார்க்கும். கினிகத்தேனையில் பனி இறங்கிய இரவில் மேலே பார்க்கிற லைட்டோடு ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

நோர்வூட் ஜீப்காரன்:

பிட்டர் ஐயா, மிச்சம் நன்றி. பெரட்டுக் களத்தில் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் சோக்குக் கோட்டிலேயே நிற்கிறது. இடது பக்கம் நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. ஸ்டாண்ட் வைத்துவிட்டு ஹையில் சோப்பு அடித்தபோது ஒன்றும் காணவில்லை. லோவில் இறக்கி, டோர்ச் அடித்துப் பார்த்தால் மடிப்பின் உள்பக்கம், அச்சைப் பார்த்த பக்கம், வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு வருகிறது. விரலால் தடவினேன், நகம் மாட்டுகிற அளவு வெடிப்பு வரிசையாக இருக்கிறது.

அப்போ இடது பலூன் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் பழையது கிடைக்கிறது என்கிறார்கள், புதிதில் பாதிக்கும் குறைந்த விலை. எடுக்கலாமா? அந்த டிரையர் மணியைக் காய வைப்பது எப்படி?

பண்டாரவளை ஓட்டோ பார்ட்ஸ்:

இந்த வியாபாரத்தில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன், பழைய பலூன் எடுக்காதீர்கள். இரும்புச் சாமான் என்றால் பழையது பரவாயில்லை, இது ரப்பர். ஓடாமல் தட்டில் கிடந்தாலும் வயது ஏறும். கடைக்காரர் காற்றடித்துக் காட்டுவார், குமிழி வராது. பாரம் ஏற்றி மடிந்த பிறகுதான் குணம் தெரியும். ஒரிஜினல் விலை கட்டாவிட்டால் வெளிக் கம்பனிகள் செய்கிற புதுப் பலூன் இருக்கிறது, ரப்பரில் அச்சடித்த தயாரிப்புத் திகதியைப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று. சர்விஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கம் கழுவிவிட்டுத் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் அடிப்பார்கள் பாருங்கள், அதைப் பலூன் பக்கம் அடிக்க விடாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். நான் ஒரு பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வாகனத்தை உள்ளே விடுவேன்.

தலவாக்கலை பிட்டர்:

பண்டாரவளையார் சொன்னது சரி. புதிதே போடுங்கள்.

கழற்றும்போது கவனம். ஓஃப் பட்டன், பிறகு பற்றரி வயர் கழற்றல். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜக்கில் தாங்குங்கள். லோவில் இறக்கினாலும் உள்ளே காற்று மிச்சம் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குழாய் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சத்தம் முழுதாக நின்ற பிறகுதான் இழுக்க வேண்டும். அதன் பிறகு அச்சை மெதுவாக இறக்கினால் பலூனுக்கு இடம் கிடைக்கும். மேல் முனையில் ஒரு கிளிப் பிடித்திருக்கும், துருவேறி இருந்தால் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், ரப்பரில் படாமல். குழாய் முனையில் இருக்கிற ரப்பர் வளையத்தையும் (ஓ ரிங்) புதிதாகப் போடுங்கள். பத்து ரூபாய்ச் சாமானுக்காக மறுபடி படுக்கக் கூடாது.

புதுப் பலூனை முறுக்கில்லாமல் உட்கார வைத்த பிறகு நேரே வாகனத்தை இறக்கிவிடாதீர்கள். காற்றில்லாத பலூன் மேல் பாரம் வந்தால் ரப்பர் தப்பாக மடிந்து நசுங்கும், முதல் நாளே கிழிந்துவிடும். சேஸி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். ஜக்கால் அச்சை ஓடுகிற உயரத்துக்குத் தூக்கிப் பலூனுக்கு அதன் வடிவம் வந்ததும், பற்றரியைக் கொடுத்து, ஓஃபை எடுத்து, எஞ்சினைப் போட்டு ஹை அழுத்துங்கள். காற்று ஏறி இறுகிய பிறகுதான் ஸ்டாண்டை எடுக்க வேண்டும்.

டிரையர் மணி. கம்ப்ரசரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, டிரையர் மூடியைத் திறந்தால் இரண்டு முனையிலும் வடிகட்டித் துணி மாதிரி ஒன்று இருக்கும், அதன் வரிசையைப் படம் எடுத்து வையுங்கள். மணி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ மாவாக உதிர்ந்தாலோ காய வைத்துப் பிரயோசனமில்லை, அதே அளவு மணியில் புது சிலிக்கா ஜெல் வாங்கி நிரப்புங்கள். நல்ல மணியாக இருந்தால் கேக் சுடுகிற மின் அடுப்பில் 120 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் வைத்தால் காயும். சமையல் தட்டில் போடாதீர்கள், வீட்டில் யார் திட்டினாலும் என் பெயரைச் சொல்லக் கூடாது. ஆறுவதற்கு முன்பே மூடியுள்ள போத்தலில் போட்டு அடையுங்கள், நம் ஊரில் வெளியில் ஆற வைத்தால் ஆறுவதற்குள் நனைந்துவிடும்.

நோர்வூட் ஜீப்காரன்:

வேலை முடிந்தது. மணி அரைவாசி மாவு, மிச்சம் ஈரத்தில் ஒட்டி ஒரே கட்டி. டிரையரைக் கவிழ்த்தால் துருநிறத் தண்ணீர் சொட்டியது. புது ஜெல் போட்டேன். பலூன் இடது பக்கம் மட்டும் மாற்றினேன். இரவு முழுக்க நிறுத்திப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சோக்குக் கோட்டிலேயே நிற்கிறது. தூக்குவதும் பழையபடி சுறுக்காகத் தூக்குகிறது, பழைய கம்ப்ரசர்தான். ஒரு சந்தேகம்: வலது பலூனும் அதே வயதுதானே, அதையும் இப்போதே மாற்றட்டுமா?

தலவாக்கலை பிட்டர்:

வலது மடிப்பையும் லோவில் வைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். மேல் தோலில் மயிரிழைக் கீறல் மட்டும் என்றால் இந்த சீசன் ஓடட்டும், மே மாதம் வெசாக்கோடு மலை மூடிய பிறகு மாற்றலாம். உள்ளே நூல் தெரிந்தால் இப்போதே.

கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்துகிற சுவிட்ச், அந்த ரிலேயையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு நாள் அளவுக்கு மேல் ஓடியதில் அதன் உள்முனை கருகியிருக்கும். ஒட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தினாலும் கம்ப்ரசர் நிற்காது, காலையில் பற்றரியும் இருக்காது. உயரம் பார்க்கிற சென்சரின் கம்பி மூட்டு இரண்டையும் அடியில் இருக்கும்போதே அசைத்துப் பாருங்கள், சேற்றில் துருவேறி இறுகியிருந்தால் அது பொய் உயரம் சொல்லும். மற்றபடி மழைக் காலத்தில் கிழமைக்கு ஒரு தரமாவது ஹைக்கும் லோவுக்கும் ஏற்றி இறக்குங்கள், டிரையர் காயும்.

வெலிமடை மரக்கறி லொறி:

சரி ஐயா, கொயிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த சிலிக்கா ஜெல் எங்கே எடுத்தீர்கள் தம்பி, மச்சானுடைய வாகனத்துக்கும் வேண்டும்.