வைரஸை எடுக்கப் பாத்தீங்களா, விண்டோஸையே மாத்திட்டீங்களா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஸ்டூடியோ_பையன்
2012, வைகாசி முகூர்த்த நேரம். மாமா ஸ்டூடியோவுல யாரோ கொண்டுவந்த பென்டிரைவ்ல இருந்து சாலிட்டிங்கிற வைரஸ் ஏறிடுச்சு. ஆன்டிவைரஸ் திறக்காது, சேஃப் மோடுக்குப் போனா ப்ளூ ஸ்கிரீன். சி டிரைவை ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் 7 போட்டேன். கல்யாண போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருந்ததால அதைத் தொடல. ராத்திரி மணி மூணு. பிரிண்டர் டிரைவர் செட்டப்பும் டி-லதான் கிடந்துச்சு, டபுள் கிளிக் பண்ணேன். மனசு கேக்காம டாஸ்க்பார்ல ரைட் கிளிக் பண்ணிப் பாத்தா, டாஸ்க் மேனேஜர்ங்கிற அந்த ஒரு வரி மட்டும் மங்கிப்போய் இருக்கு. சாலிட்டி திரும்ப வந்துடுச்சு. டி-ல இருந்த எக்ஸ்இ, அதான் புரோகிராம் ஃபைல், எல்லாத்துலயும் ஒட்டியிருந்திருக்கு. பின்னாடி நின்னுட்டிருந்த மாமா, "முடிஞ்சுதாடா?"ன்னார். காலையில ஆல்பம் குடுக்கணும்.

சர்வீஸ்_அண்ணாச்சி
தம்பி, எடுத்தவுடனே ஃபார்மேட்டுக்குப் போனதுதான் தப்பு. இந்த வைரஸைத் துடைக்கிற சாலிட்டிகில்லர் டூல் இலவசமாவே கிடைச்சுதே. ரெஸ்க்யூ டிஸ்க்னு வைரஸ் துடைக்கிற சிடி இருக்கு, அதுல பூட் பண்ணா விண்டோஸ் ஓடாது, வைரஸும் ஓடாது, டி-யையும் சேத்துத் துடைச்சிரலாம். எனக்கு ஒரு எடைமேடை சிஸ்டம் வந்துச்சு. சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தவர் இறந்துட்டார், சிடி கிடையாது. ஃபார்மேட் அடிச்சா மேடையே நின்னுபோகும். ரெண்டு நாள் உக்காந்து துடைச்சேன். முதல் லாரி ஏறி நம்பர் விழுந்தப்போ ஓனர் கண்ணு கலங்கிட்டார்.

மலர்_கோவை
அண்ணா, துடைச்ச சிஸ்டத்துல நெட் பேங்கிங் பண்ணுவீங்களா? நான் துடைச்சதை நம்பினேன். பத்தாம் நாள் என் மெயில்ல வேற யாரோ நுழைஞ்சிருந்தாங்க. இனி யாருக்கு வந்தாலும் இப்படிச் செய்ங்க: போட்டோ, டாக்குமென்ட் மட்டும் வெளிய எடுங்க, எக்ஸ்இ ஒண்ணுகூட வேண்டாம். வந்தது ராம்னிட் வைரஸ்னா எச்டிஎம்எல் (வெப் பேஜ்) ஃபைல்லயும் ஒட்டும், அதையும் விட்ருங்க. பூட் பென்டிரைவை வேற சுத்தமான சிஸ்டத்துல ரெடி பண்ணுங்க. சி, டி-னு பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போடுங்க. பாஸ்வேர்டை அந்த சிஸ்டத்துல மாத்தாதீங்க, போன்ல மாத்துங்க. குரோம் சிங்க்கை உடனே ஆன் பண்ணாதீங்க, பழைய எக்ஸ்டென்ஷன் அது வழியா திரும்ப வந்துரும். 2018-ல இசெட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி கண்டுபிடிச்ச லோஜாக்ஸ் வைரஸ் மதர்போர்டு சிப்லயே உக்காந்துக்கும், விண்டோஸ் மாத்தினாலும் போகாது. அது நம்ம வீட்டுக்கு வர்றது அபூர்வம், அதை நினைச்சுப் பயப்படாதீங்க.

ஸ்டூடியோ_பையன்
அண்ணாச்சி, இருந்ததே ஒரு சிஸ்டம். ரெஸ்க்யூ டிஸ்க் எழுத ராத்திரி மூணு மணிக்கு எந்த பிரவுசிங் சென்டர் திறந்திருக்கும்? ஆல்பம் மறுநாள் சாயங்காலம்தான் போச்சு. மாமா அந்த வீட்டுக்கே நேர்ல போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லல.