‘ரிவர்ட்’ என்ற சொல்லோடு உங்களுக்கு நேர்ந்தது: அனுபவப் பகிர்வு

மஞ்சக்குப்பம் கணக்கர்:

விலைப்புள்ளியின் அடியில், தயவுசெய்து பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று போடும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் முன்பு கணக்கு எழுதிய கடலூர் ஏற்றுமதி நிறுவனத்தில், ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்குத் திருத்திய விலை அனுப்பினோம். மூலப்பொருள் விலை ஏறிவிட்டதால் பழையதைவிடக் கூடுதல். முன்பு அனுப்பிய விலைப்புள்ளிக்கும் அவர் பதில் தரவில்லையே என்று நினைத்த மேலாளர், கடைசி வரியாக ‘ப்ளீஸ் ரிவர்ட் டு அவர் எர்லியர் கொட்டேஷன்’ என்று சேர்த்தார்.

மறுநாள் ஆர்டர் வந்தது. பழைய விலையில்! பழைய விலைக்கே திரும்பச் சொன்னதற்கு நன்றி என்று மேலே ஒரு வரி. மேலாளர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. “இந்த ஆளுக்கு ஆங்கிலமே தெரியவில்லை” என்றார். என்னை இன்றுவரை உறுத்துவது அந்த வாக்கியம்தான். ஜெர்மன்காரர் எழுதியிருந்ததை எழுதியபடி படித்தார். ரிவர்ட் என்றால் முன்பிருந்த நிலைக்கு, முன்பிருந்த உடைமையாளருக்கு, முன்பு பேசிய பொருளுக்குத் திரும்புவது. அதைத்தான் அவர் செய்தார்.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற ஊழியர்:

உங்கள் நிறுவனத்துக்குப் பணம் போயிற்று. நான் பார்த்தது வேறு விதம். புதுச்சேரியில் ஓர் அலுவலகம். என் பக்கத்து மேசை நண்பர் தற்காலிகப் பதவி உயர்வில் இருந்தார். அதை நிரந்தரமாக்கக் கேட்டு மனு கொடுத்திருந்தார். ஒரு மாலை உத்தரவு வந்தது. அவர் கண் நேராக ‘ரிவர்ட்டட்’ என்ற சொல்லில் விழுந்தது. “பதில் வந்துவிட்டது, பதில் வந்துவிட்டது!” என்று மூன்று மேசை தள்ளி இருந்தவர்களையும் கூப்பிட்டார். தலைமை எழுத்தர் வாங்கிப் படித்துவிட்டு, தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்து, “வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள்” என்றார்.

அது பதவியிறக்க உத்தரவு. அரசுப் பணியில் ‘ரிவர்ஷன்’ என்றால் முன்பிருந்த கீழ்ப்பதவிக்கு அனுப்புவது. பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-இல் இதைப் பற்றித்தான் விரிவாகத் தீர்ப்பளித்தது. தற்காலிகமாகப் பொறுப்பு வகிப்பவருக்கு அந்தப் பதவியில் உரிமை இல்லை, எனவே அவரைத் திருப்பி அனுப்புவது மட்டுமே தண்டனை ஆகாது. தண்டிக்கும் விளைவு அதில் இருந்தால், விளக்கம் கேட்காமல் பதவி இறக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றும் என்றது. இத்தனை கனமான சொல்லை நாம் மின்னஞ்சல் அடியில் அள்ளித் தெளித்து வைத்திருக்கிறோம். அதனால்தான் அன்று அவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரிந்தது.

முத்தியால்பேட்டை, பிரெஞ்சு ஆசிரியை:

கணக்கர் ஐயா, உங்கள் மேலாளர் எழுதிய வரி தவறு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ‘பதில் அனுப்புதல்’ என்ற பொருளே பிழை என்று தீர்ப்பு எழுதுவதை ஏற்கமாட்டேன். என் மாணவி ஒருத்தி வேலை விண்ணப்பத்தில் இந்தச் சொல்லை எழுதியதற்காக, நேர்காணலில் எல்லோர் முன்னாலும் ஒருவர் சிரித்திருக்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே என் வீட்டு வாசலில் நின்றாள். அந்தச் சிரிப்புக்கு என்ன உரிமை?

ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியிலேயே பதிலளித்தல் என்ற பொருள் இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு. அது வானத்திலிருந்து குதிக்கவும் இல்லை. ‘இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்புகிறேன்’ என்ற பொருளில் ‘ஐ ஷால் ரிவர்ட் டு திஸ் மேட்டர்’ என்று எழுதுவது பழைய, மரியாதையான ஆங்கிலம். விஷயத்துக்குத் திரும்புவதிலிருந்து ஆளிடம் திரும்புவதற்கு ஓர் எட்டுத்தான். பிரெஞ்சிலும் இதே நடந்திருக்கிறது. ‘உங்களிடம் திரும்பி வருகிறேன்’ என்ற பொருள்பட ‘ழ ருவியேன் வேர் வூ’ என்று இன்று அலுவலகக் கடிதங்களில் எழுதுகிறார்கள்; அங்கும் இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செவிலியர், புதுச்சேரி:

சண்டைக்கு வரவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இரவுப் பணி. இதயத் துடிப்பு தாறுமாறாகி வந்த பெரியவர். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. விடியும் நேரத்தில் திரையில் கோடு ஒழுங்கானது. மருத்துவர் குறிப்பேட்டில் ‘ரிவர்ட்டட் டு சைனஸ் ரிதம்’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மகள் அதை எட்டிப் பார்த்திருக்கிறார். கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவராம். “சிஸ்டர், யாருக்குப் பதில் அனுப்பினார்கள்? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறீர்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியது. “அப்பாவின் இதயம் பழைய தாளத்துக்கே வந்துவிட்டது அம்மா” என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தேவனாம்பட்டினம், வரலாற்று ஆசிரியர்:

ஆசிரியை அம்மாவுக்கு. மாணவியைப் பார்த்துச் சிரித்தது அநாகரிகம், அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் ‘இந்திய ஆங்கிலம்’ என்ற அந்தக் குறிப்பு அனுமதிச் சீட்டு ஆகாது. இந்தச் சொல் இந்தப் பொருளில் எங்கே செல்லும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஜெர்மன் வாடிக்கையாளர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தார்.

என் அனுபவம் சிறியது. பத்தாம் வகுப்பில் ‘பாண்டிச்சேரி ரிவர்ட்டட் டு தி ஃப்ரெஞ்ச்’ என்று எழுதிப்போட்டேன். ஒரு பையன் எழுந்து, “பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்லிற்று ஐயா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்த ஊர், 1763 பாரிஸ் உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்கே போயிற்று. பின்னும் சில முறை கைமாறி, 1814 உடன்படிக்கைக்குப் பிறகு மறுபடி அவர்களிடமே சேர்ந்தது. இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நம் கரையில் கிடையாது.

இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பதில் வேண்டுமா, ‘ரிப்ளை’ என்று எழுதுங்கள். ‘லெட் மீ நோ’ என்றால் இன்னும் இயல்பு. ‘ரெஸ்பாண்ட்’ கொஞ்சம் விறைப்பானது, புகார்க் கடிதத்துக்குப் பொருந்தும். ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம். திரும்புதல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ரிவர்ட் மீ’ என்பது இந்திய வழக்கிலும் நிற்காது. அடுத்து ‘டு’ வரவேண்டும். ‘ஹி வாஸ் ரிவர்ட்டட்’ என்பது அலுவலகச் சட்டத்தில் சரி, லாஸ்பேட்டை நண்பர் சொன்ன பொருளில். கணினியில் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்குவதற்கும் ‘ரிவர்ட் தி சேஞ்சஸ்’ என்பது சரி. சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: எதற்குத் திரும்புவது? அதற்கு விடை இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் அலுவலக வார்ப்புருக் கடிதங்களில் இன்றே தேடிப் பாருங்கள். மேலதிகாரி எழுதியது என்று தயங்க வேண்டாம், பணிவாகச் சொன்னால் கேட்பார்கள்.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற ஊழியர்:

ஆசிரியர் ஐயா, மேலதிகாரியிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், பிறகு பேசுவோம். இங்கே யாரும் கடிதம் எழுதக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கவில்லை.

நெல்லிக்குப்பம், பத்திர எழுத்தர்:

எங்கள் தொழிலில் இது பழைய சொல். முன்பெல்லாம் பிள்ளையில்லாத விதவை, கணவன் நிலத்தை ஆயுள்கால அனுபவ பாத்தியத்தில் வைத்திருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு அது கணவன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும். அவர்களை ‘ரிவர்ஷனர்’ என்போம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, அப்படிப் பெண்ணின் கையில் இருந்த சொத்தை அவருடைய முழு உரிமை ஆக்கிற்று.

சட்டம் வந்து வருடங்கள் ஆன பிறகு, ஒரு மூதாட்டிக்குக் கொழுந்தனார் பிள்ளைகளின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. உங்கள் காலத்துக்குப் பிறகு கரும்பு நிலம் எங்களுக்கு ‘ரிவர்ட்’ ஆகும், யாருக்கும் எழுதிவைக்கக் கூடாது என்று. கல்லூரியில் படிக்கும் பேத்திமுறைப் பெண் படித்துவிட்டு, “ஏதோ பதில் கேட்கிறார்கள் பாட்டி, மெதுவாகப் போடலாம்” என்று பரணில் வைத்துவிட்டாள். வேறு வேலையாக வந்த மூதாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். எடுத்துவரச் சொல்லிப் படித்துக் காட்டினேன். “நான் இருக்கும்போதே திரும்பக் கேட்கிறார்களா? அவர் போன பிறகு அந்தக் கரும்பை யார் வெட்டியது?” என்றார். குரல் உயரவே இல்லை. அன்றே மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப்போனேன். 14-ஆவது பிரிவைக் காட்டிப் பதில் நோட்டீஸ் போனது. அந்த அம்மாள் வளர்ப்புப் பேத்தி பெயருக்கு எழுதிய உயிலில், சர்வ சுதந்திர பாத்தியம் என்ற சொல்லைத் தன் காதால் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார்.