மறு: ‘டைரக்ஷனல் ரிலே’ – ஓட்டத்திசையா, பழுதுத்திசையா?

ஐயா, வணக்கம்.

மின் லைனில் பழுது வந்தால் அதை உணர்ந்து, லைனைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவி ரிலே. அதில் திசையும் அறியும் வகையான ‘டைரக்ஷனல் ரிலே’க்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக நீங்கள் முன்வைத்த ‘ஓட்டத்திசை ரிலே’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. வெண்ணாற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். மின்னோட்டத்தையும் அப்படிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை அந்தச் சொல் விதைக்கிறது. அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு பழுது முன்னாலா பின்னாலா என்று எந்த ரிலேயாலும் சொல்ல முடியாது.

வேதாரண்யம் பக்கம் ஒரு துணை மின்நிலையத்துக்கு இரண்டு 110 கிலோவோல்ட் லைன்கள் இணையாக வருவதாகக் கொள்வோம். உப்புப் படிந்த இன்சுலேட்டர் வழியே முதல் லைனில் பழுது. இரண்டாவது லைன் வழியாக வரும் மின்னோட்டம் பஸ்பாரை (நிலையத்தில் எல்லா லைன்களும் வந்து சேரும் பொதுக் கடத்தியை) கடந்து முதல் லைனுக்குள் பாய்கிறது. நிலையத்தில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு ரிலேக்களும் ஏறக்குறைய ஒரே ஆம்பியரைத்தான் பார்க்கின்றன. திசை தெரியாவிட்டால் லைன்களைத் துண்டிக்கும் இரண்டு பிரேக்கர்களும் திறந்து ஊரே இருண்டுவிடும்.

ரிலே செய்வது மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே ஓர் ஒப்பீடு. பழுது லைன் பக்கம் இருந்தால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். உயர் அழுத்த லைன்களில் பெரும்பாலும் 70 முதல் 85 பாகை வரை. பழுது பஸ்பார் பக்கம் இருந்தால் அந்தக் கோணம் 180 பாகை புரண்டுவிடும். ஆகவே ரிலே அறிவது பழுதின் திசையை. ‘பழுதுத்திசை ரிலே’ என்பதே என் பரிந்துரை. ‘திசைகாட்டி ரிலே’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். திசைகாட்டி என்றாலே மாலுமி கையில் இருக்கும் கருவிதான் நினைவுக்கு வரும், வேண்டாம்.

உண்மையான தலைவலி, ஒப்பிட உதவும் அந்த மின்னழுத்தத்துக்கு என்ன பெயர் என்பது. ‘போலரைசிங் வோல்டேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ‘முனைவாக்க மின்னழுத்தம்’ என்றால் மின்காப்புப் பொருள் பாடத்தோடு குழம்பும். இங்கே அது சாட்சி சொல்ல வருகிறது. எனவே ‘சான்றழுத்தம்’. (சாட்சிக்குக் ‘கரி’ என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஆனால் மின்வாரிய ஊழியர் எதுவோ கருகிவிட்டதென்று ஓடிவருவார்.)

இந்தச் சொல் மற்ற இடங்களிலும் நன்றாகப் பொருந்துகிறது. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸில் நிலையத்துக்கு அருகிலேயே தரைப்பழுது என்றால் அந்த ஃபேஸின் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம், சாட்சியே மயங்கிவிட்டது. அதனால் ஆர் மின்னோட்டத்துக்கு ஒய்–பி ஃபேஸ்களுக்கு இடைப்பட்ட மின்னழுத்தத்தைச் சான்றாக வைக்கிறார்கள். இது இயல்பு நிலையில் ஆர் மின்னழுத்தத்துக்கு 90 பாகை பின்னால் வரும். ‘செங்கோணச் சான்று’ எனலாம். மூன்று ஃபேஸும் ஒன்றாக வீழ்ந்தால், பழுதுக்கு முந்தைய மின்னழுத்தத்தைச் சில சுற்றுகளுக்கு நினைவில் வைத்து ஒப்பிடும் ரிலேக்கள் உண்டு. அது ‘நினைவுச் சான்று’. ‘முன்னோக்கு’, ‘பின்னோக்கு’ என்பவற்றுக்குப் பதில் ‘லைன்பக்கப் பழுது’, ‘பஸ்பக்கப் பழுது’ என்றே எழுதிவிடலாம்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து

––––––

தம்பிக்கு,

‘ஓட்டத்திசை’யை விட்டுவிடுகிறேன். ‘பஸ்பக்கம்’ மட்டும் வேண்டாம். மன்னார்குடி பஸ் நிலையத்துப் பக்கம் என்று படிப்பார்கள். ‘நிலையப்பக்கப் பழுது’ போதும்.

சான்றழுத்தத்தில் ஒரு குறை இருக்கிறது. தரைப்பழுது ரிலேக்களில் சாட்சி எப்போதும் மின்னழுத்தம் அல்ல. மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களையும் கூட்டித் தரும் திறந்த டெல்டா இணைப்பிலிருந்து (நம் காவிரி டெல்டா அல்ல) கிடைக்கும் மின்னழுத்தத்தை வைப்பதும் உண்டு. மின்மாற்றியின் நியூட்ரல் எனும் நடுமுனையில் பாயும் மின்னோட்டத்தை வைப்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. பொதுப்பெயராகச் ‘சான்றளவு’ என்று கொண்டு, அதன் கீழ் சான்றழுத்தம், சான்றோட்டம் என இரண்டையும் வைத்தால் பட்டியலில் ஏற்றிவிடலாம். மற்றவர்கள் சம்மதமா என்று எழுதுங்கள்.

கும்பகோணம்