சிகரெட்டை நிறுத்த மாத்திரை எடுக்கலாமா? பயமாக இருக்கிறது

நிலாவெளி ரோட்டுக்காரன்:
வயது 42. இருபது வருடமாக நாளுக்கு 15 சிகரெட். காலையில் பிளேன்டீ ஆறுவதற்குள் முதலாவது முடிந்துவிடும். போன மாதம் அப்பாவுக்கு அட்டாக் வந்தது, அதோடு விடுவதென்று முடிவெடுத்து டொக்டரிடம் போனேன், வெரனிக்லின் என்ற மாத்திரையை 12 கிழமைக்கு எழுதித் தந்தார். கனடாவில் இருக்கும் தம்பி, அது மனதைக் குழப்பும், தற்கொலை எண்ணம் வரும் என்கிறான். மருந்துத் துண்டு மூன்று நாளாகப் பேர்சுக்குள்ளேயே கிடக்கிறது. பாவித்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

திருக்கடலூரான்:
அண்ணா, நான் 12 கிழமையும் போட்டு முடித்தேன். முதல் கிழமை வயிற்றைப் புரட்டி எடுத்தது, வெறும் வயிற்றில் போட்டது என் பிழை. சாப்பிட்டுவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரோடு போடுங்கள். கனவுகள் கண்முன் நடப்பதுபோல வரும், இரவுக் குளுசையைப் பின்னேரமே போட்டபிறகு நித்திரை சரியானது. இடையில் ஒரு சிகரெட் பற்றவைத்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது, பாதியில் அணைத்துவிட்டேன்.

பார்மசி அக்கா:
தம்பி சொன்னது ஒரு காலத்துக் கதை. 2009இல் அமெரிக்காவில் அப்படியொரு கடும் எச்சரிக்கை போட்டார்கள், உண்மைதான். பிறகு எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களில், பாதிப்பேர் மனநோய் இருந்தவர்கள், பரிசோதித்துப் பார்த்ததில் மருந்தில்லாத வெற்று மாத்திரையை விடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, 2016இல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். அதே ஆய்வில் ஆறு மாதம் வரை புகைக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 22 பேர் அளவில், வெற்று மாத்திரையில் 9 பேர். அதாவது இது மந்திரம் இல்லை, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் உதவுகிறது. மருந்தின் ஆபத்தை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று யோசியுங்கள் தம்பி, ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்த 15 சிகரெட்டும் தொடரும், வீட்டில் அட்டாக் வந்த அப்பாவும் இருக்கிறார். சிறுநீரக வருத்தம், வலிப்பு, முன்பு மனச்சோர்வு ஏதும் இருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று, சிகரெட்டை நிறுத்தினால் தேயிலை, கோப்பியில் உள்ள கஃபீன் உடம்பில் கூடநேரம் நிற்கும், இரவுப் பிளேன்டீயைக் குறையுங்கள். மனைவியிடம் சொல்லிவையுங்கள், உங்கள் குணத்தில் மாற்றம் வந்தால் முதலில் அவருக்குத்தான் தெரியும். அப்படி ஏதும் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள்.

உப்புவெளி:
நான் மருந்தில்லாமல்தான் விட்டேன், நாலாவது தரம். முதல் மூன்று தரமும் யாராவது இந்த மருந்தைச் சொல்லியிருந்தால் அத்தனை வருடம் வீணாகியிருக்காது.

நிலாவெளி ரோட்டுக்காரன்:
நன்றி அக்கா, எல்லோருக்கும். வலிப்பு, சிறுநீரகப் பிரச்சினை ஒன்றும் இல்லை. நாளைக்கு வாங்கித் தொடங்குகிறேன். ஒரு கிழமை மருந்து போட்டபிறகுதான் சிகரெட்டை நிறுத்தவேண்டும் என்று டொக்டர் சொன்னார், எட்டாம் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.