தீவு மருத்துவமனையில் ஒரே மயக்கவியல் மருத்துவர்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவிலுள்ள மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் ஒரு தீவு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராகப் பொறுப்பேற்க இருக்கிறேன். அத்துறைக்கு அங்கே நான் ஒருவர் மட்டுமே என்பதால், இதுவரை குரல் கொடுத்தால் ஓடி வந்த மூத்தவர்கள் அருகில் இல்லாத நிலைக்கு எப்படித் தயாராவது என்று, இத்தகைய இடங்களில் பணியாற்றியவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது மருந்து இருப்பு. சில மயக்க மருந்துகளால் தூண்டப்பட்டு, உடல் வெப்பம் உயிருக்கே ஆபத்தாக ஏறும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கான மருந்தாகிய டான்ட்ரோலினையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற கணக்கில், 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே 20 மில்லிகிராம் குப்பிகள் ஒன்பது வேண்டும். பழைய வகைக் குப்பி ஒவ்வொன்றிலும் 60 மில்லிலிட்டர் நீர் விட்டு, மஞ்சள் கலங்கல் தெளியும்வரை குலுக்க வேண்டும். பயிற்சியின்போது நானே குலுக்கிப் பார்த்திருக்கிறேன். அதற்கென்றே இரண்டு பேர் வேண்டும். விலையும் அதிகம், காலாவதியும் ஆகிவிடும். ஆனாலும் கடல் கொந்தளித்துப் படகும் ஹெலிகாப்டரும் நின்றுபோகும் நாளில் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. நீங்கள் முழு இருப்பு வைத்தீர்களா, அல்லது அந்நிலையைத் தூண்டக்கூடிய சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியையும், ஆவியாக உள்ளிழுக்கும் மயக்க மருந்துகளையும் விலக்கிவிட்டு, ப்ரோபோஃபால் கொண்டு சிரைவழி மயக்கத்தையே வழக்கமாக்கினீர்களா?

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் செறிவூட்டிகளை மட்டும் நம்பி அறுவைச் சிகிச்சை நடத்தியவர்கள், மின்தடைக்கு எத்தனை சிலிண்டர்களை ஒதுக்கினீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

இன்னொன்று: மூச்சுத்திணறலுடன் வரும் நோயாளியைப் பெருநிலத்துக்கு அனுப்பும் முன் மயக்கி, மூச்சுப்பாதையில் சுவாசக் குழாய் பொருத்திவிடுவதா, விழிப்புடனே அனுப்புவதா? அவருடன் நானே சென்றால், அந்நேரம் அவசரப் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு யார் இருப்பார்? இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று விரிவாக எழுதினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.